பகல் பதினோரு மணிக்கு வராத தீ

ஏப்ரல் 14 தொடங்கி ஒரு வாரம் எங்கள் துறைக்குத் தீத்தொண்டு வாரம். 1944இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பலில் தீப்பிடித்தது. உள்ளே பருத்தி மூட்டையும் இருந்தது, வெடிமருந்தும் இருந்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் பலர் கப்பல் வெடித்துச் செத்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். முதல் நாள் காலையில் நிலையத்தில் மலர்வளையம் வைத்து மரியாதை செய்வோம். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை என்று செயல்விளக்கம் காட்டப் போவோம்.

நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தென் மாவட்டங்களில் நான் பார்த்த சந்தைச் செயல்விளக்கம் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. நேரம் பகல் பதினோரு மணி. இடம் சந்தைக்கு வெளியே உள்ள திறந்த மைதானம். வெட்டிய டிரம்மில் டீசலை ஊற்றிக் கொளுத்துவோம். ஒரு வீரர் சிவப்பு சிலிண்டரின் பின்னைப் பிடுங்கி, தீயின் அடியைப் பார்த்துப் பவுடர் அடிப்பார். அடுத்து கேஸ் சிலிண்டரின் வாயில் தீ மூட்டி, ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்துக் காட்டுவோம். கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்து அதையே செய்யச் சொல்வோம். கைதட்டல் அதற்குத்தான் அதிகம். வியாபாரிகள் சங்கத் தலைவர் சால்வை போர்த்துவார், எல்லோருக்கும் மோர் வரும், மறுநாள் பேப்பரில் படம் வரும்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஈரச் சாக்கை ஒரு தரம் தன் கையால் போர்த்தியவருக்குச் சிலிண்டர் மேல் இருக்கிற பயம் பாதி போய்விடும். ஆனால் அங்கே நாங்கள் காட்டியது தீயை அணைக்கும் வித்தை. சந்தைக்காரர்களுக்கு முதலில் தெரியவேண்டியது வெளியேறும் வித்தை. அதை மைதானத்தில் கற்றுத்தர முடியாது. சந்தைக்குள்ளே, அந்தச் சந்திலே, அந்தப் படிக்கட்டிலே நடத்தினால்தான் அது ஒத்திகை.

நேரமும் தப்பு. கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 2018 பிப்ரவரி 2இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீ பிடித்தது இரவில், நடை சாத்தும் வேளையில். 2017 மே 31இல் சென்னை தியாகராய நகர் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் பிடித்தது விடிவதற்கு முன். ஒரு நாளுக்கு மேல் எரிந்து கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது, மிச்சத்தைப் பிறகு இடித்தே தீரவேண்டியிருந்தது. 2020 தீபாவளியை ஒட்டிய ராத்திரியில் மதுரை நவபத்கானா தெரு ஜவுளிக்கடையில் பிடித்த தீயை அணைக்கப் போன எங்கள் வீரர்கள் இரண்டு பேர் சுவர் இடிந்து விழுந்து இறந்தார்கள். கொல்கத்தாவின் பாக்ரி மார்க்கெட் 2018 செப்டம்பரில் எரியத் தொடங்கியதும் நடுநிசி தாண்டித்தான். நாள் கணக்கில் எரிந்தது. அதே ஊரின் சூர்யா சென் தெரு மார்க்கெட்டில் 2013 பிப்ரவரி 27 விடிகாலையில் பிடித்த தீயில், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் இருபது பேர் அளவுக்குச் செத்துப்போனார்கள். பகல் பதினோரு மணிக்கு, அதிகாரி வந்து சேர்ந்த பிறகு, சொல்லிவைத்து எரிந்த சந்தை எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

சந்தைத் தீயில் சாகிறவர்கள் பெரும்பாலும் வெந்து சாவதில்லை. புகைதான் முதலில் கொல்கிறது. டெல்லி உப்ஹார் திரையரங்கில் 1997இல் இறந்த 59 பேரில் பெரும்பாலோர் மூச்சுத்திணறித்தான் போனார்கள். வெளியேறும் வழிகளும் அடைபட்டிருந்தன. இன்றைய ஜவுளிக்கடையில் பாலியஸ்டரும், பஞ்சுக்குப் பதில் ஃபோமும், மூட்டை மூட்டையாக பிளாஸ்டிக் கவரும் இருக்கின்றன. இவை எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது. சில பொருட்களிலிருந்து சயனைடு வாயுவும் வரும். சூடான புகை மேலே ஏறி, கூரையில் முட்டி, அங்கிருந்து கீழே இறங்கும். அதனால் மச்சில் சரக்கு எடுத்துக்கொண்டிருக்கும் பையனுக்குத்தான் முதலில் ஆபத்து. தரையில் உட்கார்ந்து புடவை பார்க்கும் அம்மாவுக்கு அதன் பிறகுதான். குனிந்து போ, தவழ்ந்து போ என்று நாங்கள் சொல்வது இதனால்தான். துணி அடுக்கிய அறையில் சிறு தீ அறை முழுக்கப் பரவச் சில நிமிடம் போதும். எங்கள் வண்டி அதற்குள் வந்து சேர்வது பெரும்பாலும் நடக்காத காரியம். அந்தச் சில நிமிடம் கடைக்காரருக்கும் கடைப் பையன்களுக்கும் சொந்தம்.

ஒரு ஊரில், பெயர் வேண்டாம், ஜவுளிச் சந்து ஒன்றில் நிஜமான மாக் டிரில் நடத்திப் பார்த்தோம். ஒத்துக்கொள்ள வைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

“அரை மணி நேரம் வியாபாரம் போச்சுன்னா யார் சார் தருவா?” என்றார் ஒரு அண்ணாச்சி. நியாயமான கேள்வி. கூட்டமே இல்லாத நாளில் நடத்தினால் ஒத்திகை பொய்யாகிவிடும். பண்டிகைக் கூட்டத்தில் நடத்தினால் ஒத்திகையே நெரிசலாகி உயிரை வாங்கிவிடும். கடைசியில் ஒரு வேலை நாள், சாயங்காலம் ஐந்து மணியை ஒட்டி என்று முடிவானது. எந்த நாள் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும், எந்த நிமிஷம் என்பது தெரியாது. வாடிக்கையாளர்களுக்கு மணியடித்த அடுத்த நொடியே மைக்கில் “இது ஒத்திகை, நடந்து வெளியே வாருங்கள்” என்று சொல்லிவிட வேண்டும். புகைக்குண்டு, நிஜத் தீ எதுவும் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சில இடங்களில் தத்ரூபமாக இருக்கட்டும் என்று புகை போடுகிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தவள் புகையைப் பார்த்தால் ஒத்திகை என்று நினைப்பாளா?

அடுத்த பயம் திருட்டு. கடையைத் திறந்து போட்டுவிட்டு எப்படிப் போவது? பழகிய கை மணிச்சத்தம் கேட்டதும் ஷட்டரை இழுத்துப் பூட்டத்தான் போகும். பூட்டினால், பின்னால் வரும் எங்கள் ஆட்கள் ஒவ்வொரு பூட்டையும் அறுக்க வேண்டும். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் அவர் கதி அவ்வளவுதான். திறந்தே விட்டாலும் நல்லதில்லை, காற்று புகுந்து தீ பரவும். பேசிப் பேசி ஒரு வழி கண்டோம். மெயினை அணை, ஆட்கள் எல்லோரும் வெளியே வந்ததை எண்ணிக்கொள், ஷட்டரை இறக்கு, பூட்டாதே. சந்தின் இரண்டு முனையிலும் போலீஸ்காரர் ஒருவரும் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரும் நின்று யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வார்கள். கல்லாவில் இருக்கிற பணத்தை ஒருவர் பையில் போட்டுக்கொண்டு வரலாம், ஆனால் அதற்காகத் திரும்பி உள்ளே போகக்கூடாது. கடைக்காரர்கள் சரி என்று சொன்னது இந்தக் காவல் ஏற்பாட்டைக் கேட்ட பிறகுதான். தீயைப் பற்றி நான் பேசிய எந்தப் பேச்சும் அவர்களை அசைக்கவில்லை.

மணிக்குக் கரண்டை நம்பவில்லை. மெயினை அணைத்தால் சைரனும் சேர்ந்து அணைந்துபோகும். பழைய தண்டவாளத் துண்டு ஒன்றைச் சந்தின் நடுவில் கட்டித் தொங்கவிட்டு, இரும்புக் கம்பியால் அடிக்க ஏற்பாடு. பத்துக் கடைக்கு ஒரு ஆள், அவர் கழுத்தில் ஒரு விசில்.

அடித்தோம்.

முதலில் ஓடியது டீக்கடைப் பையன். ஓடியவன் வெளியே ஓடவில்லை. அடுப்புக்கு ஓடி ரெகுலேட்டரைத் திருகி மூடிவிட்டுத்தான் வந்தான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. புடவைக் கடைகளில் பாதிப் பேர் எழுந்திருக்கவே இல்லை. விரித்த புடவையை மடிக்காமல் எப்படி எழுவது என்று விற்பனைப் பெண்கள் தயங்கினார்கள். மீதிச் சில்லறை வராமல் எப்படிப் போவது என்று வாடிக்கையாளர்கள் நின்றார்கள். ஒரு பாட்டி, “தீ எங்கப்பா?” என்று என்னிடமே கேட்டார்.

நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில்தான் நெரிசல் வந்தது. அந்தச் சந்தில் பெரிய கடைகளில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாடியிலிருந்து இறங்கி வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்று குனிந்து அவரவர் செருப்பைத் தேடினார்கள். முன்னால் குனிந்தவர் மேல் பின்னால் வந்தவர் மோதினார். ஆறடி அகல வாசல் ஒரு ஆள் போகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் செருப்பைப் பற்றிப் படித்ததில்லை. வாசலின் அகலம், படியின் உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கும். மறுவாரமே அந்தக் கடைகள் செருப்பு அடுக்கை வாசலிலிருந்து பக்கச் சுவருக்கு மாற்றின. “செருப்பு அப்புறம், வெளிய போங்க” என்று கத்துவதற்கென்றே வாசலில் ஒரு ஆளையும் நியமித்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. பெரிய கடைகள் இரண்டுக்குப் பின்பக்கம் இன்னொரு படிக்கட்டு உண்டு. ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை. மனிதர்கள் வந்த வழியேதான் திரும்பிப் போவார்கள்; பச்சை எழுத்தில் ‘வெளியேறும் வழி’ என்று எழுதி ஒட்டியதை அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? மாடியில் இருக்கிற கடைப் பெண் ஒருத்தி கையை நீட்டி “இந்தப் பக்கம் வாங்கக்கா” என்று திருப்பிவிட வேண்டும். திருப்பிவிட்டிருந்தாலும் அன்று பயனில்லை. பின்படியில் ஜவுளி பண்டல்கள் மூன்றாம் படி வரை அடுக்கியிருந்தன, கீழே கதவு பூட்டியிருந்தது, சாவி முதலாளி வீட்டில் இருந்தது. முதலாளி என்னிடம் “இன்னைக்குத்தான் சார் லோடு வந்துச்சு” என்றார். அந்த பண்டல் மேல் படிந்திருந்த தூசி வேறு கதை சொன்னது.

நாலைந்து கடைகளில் மெயின் ஸ்விட்ச் எங்கே என்று முதலாளிக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. ஒரு கடையில் மீட்டர் பெட்டிக்கு முன்னால் தலையணை மூட்டைகள்.

இதற்கிடையில் எங்கள் வண்டி. நிலையத்திலிருந்து சந்தின் முனை வரை தடையில்லாமல் வந்துவிட்டது. வண்டியின் அகலம் ஏறக்குறைய எட்டடி. இரண்டு பக்கமும் கதவு திறந்து ஆள் இறங்கிக் குழாய் பிடிக்க இன்னும் இடம் வேண்டும். நகராட்சிப் பதிவேட்டில் அந்தச் சந்து பதினைந்தடிக்கு மேல். கடைக்கு முன்னால் நீட்டிய மேஜை, பொம்மைக்குப் போட்ட சுடிதார், தார்ப்பாய்ப் பந்தலின் கம்பு, சைடு லாக் போட்ட பைக்குகள் எல்லாம் போக மிச்சம் இருந்தது ஒரு ஆட்டோ போகும் வழி. முதல் வளைவிலேயே வண்டி நின்றது. சர்பத் வண்டிக்காரரை நகர்த்தி, பைக்குகளைத் தூக்கி ஓரம் வைத்து, தார்ப்பாயை அறுக்காமல் அவிழ்த்து, நடுச்சந்துக்கு வருவதற்குள் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எல்லோரும் அதை நின்று பார்த்தார்கள். அபராதச் சீட்டு கொடுத்தால் சண்டைக்கு வருகிற கடைக்காரர், அந்தக் காட்சியைப் பார்த்ததும் தானே மேஜையை உள்ளே இழுத்ததை நான் பார்த்தேன். எவ்வளவு நாள் உள்ளே இருந்தது என்று கேட்காதீர்கள்.

தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சாதாரண வண்டியில் சுமார் 4,500 லிட்டர் பிடிக்கும். பார்க்கிறவர்களுக்கு அது கடல் மாதிரி. ஒரு பெரிய குழாயை முழு வேகத்தில் திறந்தால் பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். அதன் பிறகு தண்ணீர் எங்கே? சந்தைக்குள் போர்வெல் இருக்கிறதா, தொட்டி இருக்கிறதா, எங்கள் குழாய் அதில் பொருந்துமா, அந்த மோட்டாருக்கு வருகிற கரண்ட் கடைகளின் கரண்டோடு சேர்ந்து துண்டாகிவிடுமா? அந்த ஊரில் மோட்டார் துண்டாகிவிடும் என்று ஒத்திகை நாளில்தான் தெரிந்தது. தனி இணைப்பு கேட்டு எழுதினார்கள்.

கடைக்குள் மாட்டியிருக்கும் சிவப்பு சிலிண்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு கிலோ பவுடர் சிலிண்டர் இருபது வினாடிக்குள் தீர்ந்துவிடும். குப்பைக்கூடை அளவுத் தீக்கு அது தெய்வம். அலமாரி உயரத் தீக்கு அதை நம்பி நின்றால் ஆள் மாட்டிக்கொள்வார். முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு தரம் பாருங்கள். வெளியேறும் வாசல் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று அடியுங்கள். ஒரு சிலிண்டரில் அடங்கவில்லை என்றால் இரண்டாவதைத் தேடாமல் வெளியே வாருங்கள். எண்ணெய்ச் சட்டியில் பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. பஜ்ஜிக் கடைக்காரர்களுக்கு இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும்.

யார் கடையில் என்ன இருக்கிறது என்பதும் ஒத்திகையில் வெளியே வரவேண்டிய சங்கதி. 2021 அக்டோபரில் சங்கராபுரத்தில் பட்டாசு வைத்திருந்த கடையில் தீப்பிடித்தபோது, பக்கத்து பேக்கரியின் கேஸ் சிலிண்டர்களும் வெடித்து அழிவைப் பெரிதாக்கின. சந்தையில் உங்கள் பாதுகாப்பு பக்கத்துக் கடைக்காரர் கையில் இருக்கிறது. எந்தக் கடையில் எத்தனை சிலிண்டர், எங்கே தின்னர், எங்கே சென்ட் பாட்டில், எங்கே பட்டாசு என்று ஒரே தாளில் எழுதி, சங்க அலுவலகத்தில் ஒன்றும் தீயணைப்பு நிலையத்தில் ஒன்றும் இருக்க வேண்டும். வருமான வரிக்காரர் கைக்குப் போய்விடுமோ என்று சிலர் பயந்தார்கள். சரக்கின் மதிப்பை எழுத வேண்டாம், எரியுமா வெடிக்குமா என்பதை மட்டும் எழுதுங்கள் என்றோம்.

ராத்திரி ஒத்திகை தனி. அதில் கூட்டம் கிடையாது, சால்வை கிடையாது. வாட்ச்மேன் ஒருவர், எங்கள் ஆட்கள் இரண்டு பேர். கடை சாத்தி எல்லோரும் தூங்கிய பிறகு வாட்ச்மேனிடம் போய், “அண்ணே, அந்தக் கடையில் புகை வருதுன்னு வச்சுக்குங்க. என்ன செய்வீங்க?” என்று கேட்க வேண்டும். அவர் வாயால் சொல்வதை எழுதிக்கொள்வதைவிட, கையால் செய்யச் சொல்லிப் பார்ப்பது முக்கியம். நான் பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் முதலில் போன் போட்டது முதலாளிக்கு. முதலாளி எடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள். மறுபடியும் எடுக்கவில்லை. முதலாளியைக் கேட்காமல் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டு, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் வேலை போய்விடுமே என்ற பயம். ஆகவே ராத்திரி ஒத்திகையில் பாடம் படிக்க வேண்டியவர் வாட்ச்மேன் இல்லை, முதலாளி. “முதல் போன் 101க்கோ 112க்கோ, இரண்டாவது போன் எனக்கு. பொய்ப் புகையாக இருந்தாலும் திட்டமாட்டேன்” என்று அவர் தன் வாயால், எங்கள் முன்னால், வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும். சொல்ல வைத்தோம்.

போனில் என்ன சொல்வது என்பதற்கும் பழக்கம் வேண்டும். சந்தை என்று மட்டும் சொன்னால் எங்கள் வண்டி பெரிய வாசலுக்குத்தான் வரும். எது எரிகிறது, எந்தப் பக்கத்து வாசல் திறந்திருக்கிறது, உள்ளே யாராவது இருக்கிறார்களா?

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் உண்மையான பதில் கிடைக்காது. கடைக்குள்ளே யாரும் படுப்பதில்லை என்று சங்கத்தில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் பண்டல் மேல் இரண்டு பேர், மச்சில் மூன்று பேர், வெளியே பூட்டு. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள்; அறை வாடகை கொடுக்க வழியில்லை. விதி கூடாது என்கிறது. விதியை நிறைவேற்றினால் அவர்கள் பிளாட்பாரத்தில் படுப்பார்கள். என்னைக் கேட்டால், வெளியிலிருந்து பூட்டுவது ஒன்றை மட்டும் எந்தச் சமாதானத்துக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. படுக்க வேறு இடம் கிடைக்கும்வரை பூட்டு உள்பக்கம், சாவி படுத்திருப்பவன் கையில், எத்தனை பேர் என்ற கணக்கு வாட்ச்மேனிடம். கொல்கத்தாவில் செத்தவர்களும் இப்படிப் படுத்திருந்த பிள்ளைகள்தான்.

எத்தனை தரம் நடத்துவது? உயரமான கட்டடங்களுக்கு தேசியக் கட்டட விதித் தொகுப்பு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தரம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் என்கிறது. சந்தைக்கு ஒன்று கட்டாயம் புரட்டாசியில் வேண்டும். தீபாவளி வியாபாரத்துக்கென்று கல்லூரிப் பிள்ளைகளும் கிராமத்துப் பிள்ளைகளும் நூற்றுக்கணக்கில் புதிதாக வேலைக்குச் சேர்வது அதை ஒட்டித்தான். அவர்களுக்குப் பின்படி எங்கே என்று தெரியாது, மெயின் எங்கே என்று தெரியாது. ஆடித் தள்ளுபடிக்கு ஒத்திகை பார்த்த பழைய ஆட்கள் அதற்குள் பாதிப் பேர் வேறு கடைக்கு மாறியிருப்பார்கள். சேர்ந்த முதல் நாளிலேயே, விலைச்சீட்டு ஒட்டச் சொல்லித் தருவதற்கு முன்னால், ஒரு தரம் பின்படி வழியாக அவர்களைக் கீழே இறக்கி வெளியே கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவர வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதற்கு எங்கள் வண்டி வர வேண்டியதில்லை.

பெரிய ஒத்திகைக்கு மட்டும் உங்கள் ஊர் நிலைய அலுவலருக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுங்கள். அதில் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்: மைதானம் வேண்டாம், சந்துக்குள்ளே வாருங்கள்; ஒன்று சாயங்காலம், இன்னொன்று கடை சாத்திய பிறகு.